அத்தையின் பெட்டியில் ஒரு பைப்

போன மாதம் தி. நகரில் பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் ஒரு பைப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். தண்ணீர் வருகிற பைப் இல்லை, புகையிலை அடைத்துப் பிடிக்கிற பைப். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள், இருக்கிற குப்பையை எல்லாம் ஒழித்துக் கட்டு என்று என் மகள் ஒரு மாதமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். அவள்தான் ஆட்டோ பிடித்து அழைத்துப் போனாள். கடைக்காரர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"கம்பெனி முத்திரை ஒண்ணும் இல்லையேம்மா. அடியில இல்ல, கழுத்துல இல்ல, வாய் வைக்கிற எடத்துலயும் இல்ல. பழசுதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா செஞ்சது யாருன்னு தெரியாம இதை நான் என்னன்னு சொல்லி விக்கிறது? உங்களுக்கு எதுனா தெரியுமா?"

தெரியாது என்றேன். எழுபது தாண்டியவள், தினமும் மாதா கோயிலுக்குக் காலைப் பூசைக்குப் போகிறவள், அந்த மனுஷர் முகத்தைப் பார்த்துக் கூசாமல் பொய் சொன்னேன். பைப்பைத் திரும்ப வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மகள் வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

என் வயதுக்காரர்களே, உங்களிடம் சொன்னால் புரியும். நம் காலத்தில் பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதற்கப்புறம் கடவுளே இறங்கி வந்து சாட்சி சொன்னாலும் எடுபடாது. செய்தது யார் என்று அந்தக் கடைக்காரர் கேட்டாரே, அதே கேள்வியை எங்கள் அப்பா ஒரு தை மாதத்தில் இந்த ஊரில் ஒரு வாரம் கேட்டுக்கொண்டு அலைந்தார். அந்த ஒரு வாரத்தில் எங்கள் அத்தையின் கல்யாணம் நின்றுபோனது. அதில் எனக்கும் பங்கு உண்டு. சின்னப் பங்கு என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் அப்படி இல்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மந்தைவெளியில் ஒரு நீளமான வீட்டின் பின்பாதியில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, அத்தை, நான். அப்பா நந்தனத்தில் ஒரு ஆபீசில் ஹெட் கிளார்க். கோயிலில் காணிக்கைத் தட்டு எடுக்கிற நாலு பேரில் ஒருவர். பொய் சொல்ல மாட்டார், வரிசையில் முந்த மாட்டார், ஆபீஸ் பென்சிலை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். இப்படி ஒரு உத்தமரோடு குடித்தனம் பண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று அம்மாவைக் கேட்டால்தான் தெரியும்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சர். அட்டைப்பெட்டி செய்வது, கூடை பின்னுவது, தையல், குரோஷா எல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். வயது இருபத்தொன்பது. அந்தக் காலத்தில் அது கோயில் வாசலில் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுகிற வயது. பெண் பார்க்க வந்து போனவர்கள் ஐந்து பேர். ஒருவன் நிறம் பற்றாது என்றான், இன்னொருவன் உயரம் அதிகம் என்றான், மற்றவர்கள் ஒன்றும் சொல்லாமலே காணாமல் போனார்கள்.

அத்தைக்கு இடது கைப் பழக்கம். பீச்சாங்கை என்று நாம் எவ்வளவு இளப்பமாகச் சொல்வோம், ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் அந்தக் கையைத் துண்டால் முதுகோடு கட்டிவிட்டுத்தான் அவளைச் சாப்பிட உட்கார வைப்பாராம் தாத்தா. தாத்தா போனபின் அந்தப் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். அடிக்க மாட்டார். அத்தையின் இடது கை எதையாவது எடுக்க நீண்டால் "கை!" என்று ஒரே ஒரு அதட்டல், அவ்வளவுதான். அவளும் உடனே மாற்றிக்கொள்வாள். இருபத்தொன்பது வயது டீச்சரம்மா, நாற்பது பிள்ளைகளை மேய்ப்பவள், அண்ணன் எதிரில் இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் செருகிக்கொண்டுதான் நிற்பாள். எழுதுவது, சாப்பிடுவது, சிலுவை போடுவது எல்லாம் வலது கையில்தான்.

அப்பா ஆபீசுக்குக் கிளம்பியபின் கதை வேறு. கத்தரிக்கோலும் பேனாக்கத்தியும் இடது கைக்குப் போய்விடும். அந்தக் கையில் அவள் அட்டை வெட்டுகிற வேகம் இருக்கிறதே, நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். ஒருநாள் நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"அண்ணாகிட்ட சொல்லாதடி."

"சத்தியமா சொல்ல மாட்டேன் அத்தை" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அந்தக் கார்த்திகைப் புயலில் கொல்லைப்புறத்துக் கொய்யா மரம் வேரோடு சாய்ந்தது. அப்பா ஆளை வைத்து வெட்டி விறகாக்கினார். வேருக்கு மேலே உருண்டையாக இருந்த ஒரு கட்டையை ஸ்கூலுக்கு வேண்டும் என்று அத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம் அதை நான் மறந்துபோனேன். மார்கழியில் அவள் தினமும் சாயங்காலம் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவாள். காற்று நன்றாக இருக்கிறது, அமைதியாக ஜெபம் சொல்லலாம் என்பாள். இறங்கி வரும்போது வாயில் கிராம்பு மணக்கும். அம்மாவுக்கு அவள் பக்தியைப் பற்றி அவ்வளவு பெருமை.

தை பிறந்ததும் ஆறாவதாக ஒருவர் வந்தார். தேனாம்பேட்டைக்காரர், அரசாங்க ஆபீசில் வேலை, வயது முப்பத்தாறு. அம்மாவோடு வந்தார், பணியாரமும் காப்பியும் சாப்பிட்டார், கொல்லையில் கை கழுவினார், போனார். மறுநாளே சம்மதம் என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். அம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி அழுதாள். அப்பா சாமியாரைப் பார்த்து ஓலைக்குச் சொல்லிவிட்டு வந்தார். அத்தையிடம் யாரும் எதுவும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஓலை என்றால் என்னவென்று மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதை அறிவிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசிப்பார்கள். பெரியவர்கள் அந்த நேரத்தில் விசிறிக்கொண்டிருப்பார்கள். அதைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். அந்த டிசம்பரில்தான் எனக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்திருந்தார்கள். எது சாவான பாவம், எது அற்பப் பாவம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த காலம்.

முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் நடுவில் ஒருநாள், சிவப்பு நூல்கண்டு தேடி அத்தையின் தகரப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனைக்கு அடியில் வேறு ஒரு வாசனை. காரமும் இனிப்புமாக, மழைக்கு ஒதுங்கிய ஆண்களிடம் வருகிற வாசனை. மடித்த ரவிக்கைகளுக்கு நடுவில் அந்தப் பைப் இருந்தது. வெல்லப்பாகு நிறம். உள்ளங்கையில் வைத்தால் ஒரு குருவிக்குஞ்சு அளவுதான் கனம். கிண்ணத்துக்குள் கருகியிருந்தது. கழுத்து வளைந்து கறுப்பாக, பளபளவென்று இருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பெட்டியை மூடிவிட்டேன்.

ஒன்பது வயதில் என் புத்தி எப்படி ஓடியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அம்மாவின் பீரோவில் அப்பாவின் வேட்டி சட்டை இருக்கிறது, ஏனென்றால் அம்மாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அத்தையின் பெட்டியில் ஒரு ஆம்பிளையின் பைப் இருக்கிறது. அப்படியானால் அத்தைக்கு ஏற்கனவே ரகசியமாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது. கல்யாணம் ஆனவர் மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்வதுதான் தடைகளிலேயே பெரிய தடை என்று ஞானோபதேச வகுப்பில் மதர் சொல்லியிருந்தார். தெரிந்தும் சொல்லாவிட்டால் பாவம் எனக்கு.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்ததும், சாமியார் உடுப்பு மாற்றுகிற அறைக்குள் போனேன்.

"இன்னா பாப்பா, சுரூபப் படம் வேணுமா?"

"இல்ல சாமி. எங்க அத்தைக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிடுச்சு."

சாமியார் சத்தமாகச் சிரித்தார். யார் சொன்னது என்று கேட்டார். பெட்டியில் பைப் இருக்கிறது என்றேன். சிரிப்பு நின்றது. எப்படிப்பட்ட பைப், புகை நாற்றம் வந்ததா, எப்போது பார்த்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் என் தலையில் கை வைத்து, நல்ல பிள்ளை, வேறு யாரிடமும் சொல்லாதே என்று ஒரு மாதா படம் கொடுத்தார். மனசு லேசாகி, தட்டாமாலை சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் அப்பாவைச் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். திரும்பி வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய்ப் பெட்டியைத் திறந்து பைப்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"யாருது இது?"

"என்னுது அண்ணா" என்றாள் அத்தை.

"யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. நானே செஞ்சேன்."

"எதுக்கு?"

அத்தை தரையைப் பார்த்தாள். "குடிக்கத்தான். சுருட்டைப் பிச்சுப் போட்டு... மாடியில. தப்புதான் அண்ணா. விட்டுர்றேன்."

அம்மா மாதாவே என்று உட்கார்ந்துவிட்டாள். அப்பா பைப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "எவனையோ காப்பாத்த இம்மாம்பெரிய பொய்யா? கோயில் மேல பயம் வேணாம்?"

இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. அத்தை ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஒரு பெண் பைப் செய்தாள், அதைப் பிடித்தாள் என்பதை நம்புவதைவிட, அவளுக்குக் கள்ளத்தனமாக ஒருவன் இருக்கிறான் என்று நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. செய்தவனைக் கண்டுபிடித்தால் கொடுத்தவனைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அப்பா முடிவு கட்டினார். அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை. அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

திங்கட்கிழமை ஆபீஸ் விட்டு வந்ததும் என்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார். கூடக் குழந்தை இருந்தால் அவரைப் பைப் பிடிக்கிற ஆள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள் அல்லவா, அதற்குத்தான். முதலில் மவுண்ட் ரோடில் ஒரு சிகரெட் கடை. தகர டப்பாக்களில் கப்பல் படமும் மீசைக்காரன் படமும் போட்ட சீமைப் புகையிலை அடுக்கியிருந்தது. கடைக்காரர் பைப்பை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இன்னா சார், எங்க கெட்சிது இது? சீமைச் சரக்குன்னா பேரு போட்டுக்கினு வரும். இதுல ஒரு எழுத்துகூட இல்ல பாரு. கம்பெனி மாலே இல்ல சார். எவனோ வூட்ல குந்திக்கினு செஞ்சது."

வீட்டில் உட்கார்ந்து செய்தது. அத்தையும் அதைத்தான் சொன்னாள். அப்பா தலையாட்டிக்கொண்டு, கைவேலை தெரிந்த பயல் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மயிலாப்பூர் பஜார் ரோடில் கடைசல் பிடிக்கிற பாயிடம் போனோம். கட்டில் கால், தொட்டில் கம்பு, பம்பரம் எல்லாம் அவர் கடையில் சுழன்று சுழன்று வடிவாகும். தரையெல்லாம் மரச்சுருள். வெற்றுக்காலில் நடந்தால் மெத்தென்று இருக்கும். பாய் பைப்பை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் லேசாகச் சுரண்டி முகர்ந்தார். அவர் அவசரப்படவே இல்லை.

"கடைசல்ல புடிச்சது இல்ல சாப். கத்தி வேலை. கொய்யாக் கட்டை இது, வேருகிட்ட இருக்கிற கட்டை, அதான் சூட்டுக்கு வெடிக்கல. ஓட்டை பாருங்க, துளைக்கல, கம்பியைக் காய்ச்சி வுட்டு சுட்டுக்கீறாங்க. வாய் வெக்கிற எடம் பேனாக் குழாய். இங்க் போடுற பேனா இருக்கே, அத்தோட உடம்பை சூடு காட்டி வளைச்சுக்கீறாங்க. அல்லாவே, என்னா பொறுமை!"

"எந்த மாதிரி ஆளு செஞ்சிருப்பான், பாய்?"

பாய் பைப்பின் வயிற்றில் விரலை ஓட்டினார். "கத்தி போன வழி பாருங்க. நாம செதுக்கினா இந்தப் பக்கமா இழுக்கும். இது எல்லாம் எதிர்த்தாப்ல போவுது. பீச்சாங்கை ஆளு சாப். அதுல எனக்கு சந்தேகமே இல்ல."

கொய்யாக் கட்டை, பேனா, இடது கை. மூன்றும் எங்கள் வீட்டில் இருந்தன. அத்தை சொன்னது முழுக்க உண்மை என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்திலும் வெளிச்சம். ஆனால் அது வேறு வெளிச்சம்.

"இடது கைக்காரன். பேனா பிடிக்கிறவன். வாத்தியார்தான்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், சொல்கிறேன். ஒரு ரகசியத்தைச் சாமியாரிடம் சொல்லித்தான் வீட்டில் இவ்வளவும் நடக்கிறது என்று அதற்குள் எனக்கு உறைத்திருந்தது. இரண்டு நாளாக அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. இனி அவளுடைய ரகசியம் எதையும் யாரிடமும் சொல்வதில்லை என்று சபதம் போட்டிருந்தேன். இடது கை விஷயத்தைச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வேறு செய்திருக்கிறேனே! சொல்லியிருக்கக் கூடாததைச் சொன்னேன், சொல்லியே ஆக வேண்டியதை மறைத்தேன். ஒரே வாரத்தில் இரண்டையும் செய்து முடித்தேன்.

அத்தையின் பள்ளிக்கூடத்தில் ஒரு டிராயிங் மாஸ்டர் இருந்தார். ஐம்பது வயது, நரைத்த மீசை, நாலு பிள்ளைகள். புதன்கிழமை அப்பா பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து, யாருக்கோ தெரிய வேண்டும் என்று சொல்லி அவரிடம் அவர் விலாசத்தை எழுதி வாங்கினார். மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, இடது கையில் எழுதிக் கொடுத்தார். பாவம், சிரித்துக்கொண்டே கொடுத்தார். அந்தச் சீட்டை அப்பா சாட்சியம் போல மடித்து வைத்துக்கொண்டார். பேச்சு எப்படியோ கசிந்து, அந்த வருஷக் கடைசியில் மாஸ்டர் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிக்கொண்டு போனார். எதற்காகப் போக வேண்டியிருந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

சனிக்கிழமை காலை அப்பா கடைசியாக ஒருமுறை அத்தையைக் கூப்பிட்டார். அவர் கொடியவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தங்கைக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துத்தான் பார்த்தார். விறகுக் கட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேசைமேல் வைத்து, பக்கத்தில் பேனாக்கத்தியை வைத்தார்.

"நீதான் செஞ்சேன்னு சொல்றே இல்ல? செய். முழுசா வேணாம், கொஞ்சம் செதுக்கிக் காட்டு. நான் நம்பறேன்."

அம்மா கதவருகே நின்றாள். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை கத்தியை வலது கையில் எடுத்தாள். கட்டையில் வைத்தாள். கத்தி வழுக்கியது. இன்னொரு முறை வைத்தாள், சில்லு சில்லாகப் பெயர்ந்தது. பிறகு ஒரு மூச்சு இழுத்து, கத்தியை இடது கைக்கு மாற்றினாள். கட்டையைத் திருப்பிப் பிடித்தாள். அந்த ஒரு கணம் அவள் தோள் இறங்கி, உடம்பே வேறு ஆளாக நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

"கை!" என்றார் அப்பா.

யோசித்துச் சொன்னதில்லை அது. இருபது வருஷமாக வாயில் பழகிப்போன சொல். அத்தையின் கையும் யோசிக்கவில்லை, கத்தியை வலது கைக்கு மாற்றிக்கொண்டது. இடது கைக்காரன் வேலை என்று பாய் சொன்னதைக் கேட்டவர் அப்பா. அந்த இடது கைக்காரனைத் தேடிப் பள்ளிக்கூட வாசல்வரை போனவர் அப்பா. கண்ணெதிரில் அந்தக் கை கத்தியைப் பிடித்தபோது அவருக்குத் தெரிந்ததெல்லாம் திருத்த வேண்டிய ஒரு கெட்ட பழக்கம்தான்.

அத்தை என்னைப் பார்த்தாள். அந்த வாரத்திலேயே முதல் தடவையாகப் பார்த்தாள். நான் அம்மாவின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கத்தியை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. "முடியல அண்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலமே அப்பா தேனாம்பேட்டைக்குப் போனார். எங்கள் பெண் மனசில் வேறு ஒருவர் இருக்கிறார், மறைத்துக் கட்டிக்கொடுக்க என் மனசாட்சி இடம் தரவில்லை என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தார். அடுத்த நாள் பூசையில் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலை வாசித்தார்கள். எங்கள் பெயர் வரவில்லை. முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அத்தை திரும்பிப் பார்க்காமல் பீடத்தையே பார்த்துக்கொண்டு முழங்கால் போட்டிருந்தாள். அந்தப் பூசை இவ்வளவு நீளம் என்று அதற்கு முன்னாலும் பின்னாலும் எனக்குத் தோன்றியதில்லை.

சித்திரையில் அத்தை தி. நகரில் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். பிறகு அடையாறில் ஒரு பள்ளிக்கூடம், அங்கேயே ஒரு சின்ன வீடு. கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவாள், சாப்பிட்டுவிட்டுப் போவாள். வேறு வரன் எதுவும் வரவில்லை, யாரும் தேடவும் இல்லை.

நான் வளர்ந்தேன், டெலிபோன் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன், கல்யாணம் பண்ணிக்கொண்டேன். என் ஓலையும் மூன்று ஞாயிறு ஒழுங்காக வாசிக்கப்பட்டது. அப்பாவிடம் உண்மையைச் சொல்லப் பலமுறை நினைத்தேன். சொன்னால் மனுஷர் உடைந்துபோவார், வயதான காலத்தில் எதற்கு என்று தள்ளிப் போட்டேன். அது கருணை என்று அப்போது நினைத்தேன். வெறும் பயம்தான். கூடவே இன்னொரு சமாதானமும் சொல்லிக்கொள்வேன். அத்தைக்கு அந்தக் கல்யாணத்தில் இஷ்டமே இருந்திருக்காது, சம்பாதிக்கிறாள், சுதந்திரமாக இருக்கிறாள், யாருக்கும் சோறு பொங்கிக் கொட்ட வேண்டியதில்லை, ஒரு விதத்தில் தப்பித்தாள் என்று. வருஷக்கணக்காக இதை எனக்கு நானே சொல்லிச் சொல்லி நம்பியே விட்டேன்.

அப்பா போனபின் அவர் மேசை இழுப்பறையில் அந்தப் பைப் கிடைத்தது. வீட்டுப் பத்திரம், ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாம் வைத்திருக்கும் உறையோடு வைத்திருந்தார். டிராயிங் மாஸ்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் கூட இருந்தது. பைப்பைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு அடையாறுக்கு பஸ் ஏறினேன்.

அத்தைக்கு அப்போது அறுபத்தைந்துக்கு மேல். ரிட்டயர் ஆகியிருந்தாள். மாடி வீடு, ஜன்னலில் வேப்பமரம், மேசையில் பாதி பின்னிய கூடை. பைப்பைக் கொடுத்ததும் வாங்கிப் பார்த்தாள். "அட, இன்னும் வெடிக்கல பாரேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு தைரியம் வந்துவிட்டது.

"அத்தை, சாமியார்கிட்ட சொன்னது நான்தான்."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்டி. சின்னப் புள்ள நீ. உனக்கென்ன தெரியும்?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பாவங்களை ஒப்பிக்கிறவள் மாதிரி மிச்சத்தையும் சொல்லிக்கொண்டே போனேன். பஜார் ரோடு பாய், கொய்யாக் கட்டை, பேனாக் குழாய் எல்லாம் சொன்னேன். அத்தை குறுக்கிட்டாள்.

"நில்லு. இடது கைன்னு பாய் சொன்னாரா?"

"சொன்னார் அத்தை."

"அண்ணா அதைக் கேட்டாரா?"

"கேட்டார். டிராயிங் மாஸ்டர்னு நெனச்சிட்டார்."

"நீயும் அங்க இருந்தியா?"

"இருந்தேன்."

"நான்தான்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது" என்றேன். "சொல்ல மாட்டேன்னு உங்ககிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன்."

அத்தை பைப்பை மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினாள்; அது அப்படியே என்னிடம் தங்கிவிட்டது. அவளிடம் எந்தக் கோபமும் தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அவள் தன்னை நிரூபிக்க வழியே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வழி இருந்தது, அது ஒரு ஒன்பது வயதுப் பெண்ணின் வாய்க்குள் இருந்தது என்று அன்றைக்குத்தான் நான் போய்ச் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் எனக்கு லேசாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தபிறகுதான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று புரிந்தது. கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனபின் அத்தை சொன்னாள்:

"அன்னிக்கு அந்தத் தேனாம்பேட்டைக்காரரு கை கழுவக் கொல்லைக்கு வந்தாரு இல்ல? நான்தான் தண்ணி ஊத்தினேன். ஸ்கூல்ல என்ன சொல்லிக் குடுக்கறீங்கன்னு கேட்டாரு. அதுக்கு முன்னாடி வந்தவங்கள்ல ஒருத்தன்கூட அதைக் கேட்டதில்ல. அட்டையில வீடு செய்யக் கத்துக் குடுக்கறேன்னேன். மாடி வச்ச வீடாங்கன்னாரு. ஆமான்னேன். அப்போ எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்கன்னு சொல்லிட்டுப் போனாரு."

அத்தை எழுந்துபோய்க் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பின்னவில்லை, சும்மா வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அந்த மனுஷனைப் பிடிச்சிருந்துதுடி" என்றாள்.